பசிக்கும் சர்க்கரை நோய் வரும்

என் சித்தப்பா இறந்தபோது அவருக்கு வயது 38. எடை 42 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் கிடக்கும் அவருடைய மருத்துவச் சீட்டில் நோயின் பெயர் இப்படி எழுதப்பட்டிருக்கிறது: சர்க்கரை நோய், இரண்டாம் வகை.

போளூர் பக்கத்துச் சேரி எங்களுடையது. சித்தப்பா செங்கல் சூளையில் வேலை செய்தார். காலையில் பழைய சோறு, இரவில் சுடுசோறு, நடுவில் டீ. இதுதான் அவருடைய பல வருட உணவுப் பட்டியல். அடிக்கடி தண்ணீர் தாகம், ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர், கல் தூக்கினால் கை நடுக்கம் என்று ஆனபோது பக்கத்து ஊரில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். அந்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. "சோத்தக் குறை. தெனம் முக்கால் மணி நேரம் நட. வெயிட்ட ஏத்தாத" என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நான் நடக்கறது பத்தலையாண்டி. சோத்தையும் கொறைக்கணுமாம். இன்னும் எதக் கொறைக்கிறது?" சித்தி சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மாத்திரையில் சர்க்கரை இறங்கவில்லை. இன்னொரு மருத்துவமனையில் இன்சுலின் கொடுத்தார்கள். காலையில் ஒரு ஊசி, இரவில் ஒரு ஊசி. அளவு சீட்டில் எழுதியிருந்தது. மழைக்காலத்தில் சூளை ஓடாது, கூலியும் வராது. அப்படி ஒரு நாள் இரவு ஊசியைப் போட்டுக்கொண்டு, இருந்த சோற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் படுத்தார். விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு மூச்சில்லை. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஊசி போட்டால் சாப்பிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

நான் இன்று ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு நூறு பேருக்காவது சர்க்கரை பார்க்கிறேன். 2025 ஏப்ரலில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுதும் வேலை ஓடவில்லை. பாங்காக்கில் நடந்த உலக நீரிழிவு மாநாட்டில், பன்னாட்டு நீரிழிவு கூட்டமைப்பு ஒரு புதிய வகையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ஐந்தாம் வகை நீரிழிவு. ஊட்டச்சத்துக் குறைவோடு வருகிற நீரிழிவு. தின்று கொழுத்தவர்களுக்கு வருவதாக நாம் நம்ப வைக்கப்பட்ட நோய், தின்ன இல்லாதவர்களுக்கும் வரும் என்று உலக அமைப்பு ஒன்று வாக்கெடுத்து ஒப்புக்கொண்ட நாள் அது.

இதற்குப் பின்னால் ஓர் ஆய்வாளரின் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த ஆய்வின் முக்கியமான பகுதி நடந்தது எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய வேலூரில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெரிடித் ஹாக்கின்ஸ், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். இன்சுலின் உடம்பில் எப்படி வேலை செய்கிறது, கல்லீரல் எப்போது சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது, யார் அதைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வுத் துறை. பணக்கார நாட்டு ஆய்வகத்தில், பெரும்பாலும் உடல் பருத்தவர்களின் இரண்டாம் வகை நீரிழிவை வைத்து நடக்கிற ஆய்வு. அப்படியே அவர் ஓய்வு பெற்றிருந்தாலும் அது வெற்றிகரமான வாழ்க்கைதான்.

2005 வாக்கில் உலக நலவாழ்வு தொடர்பான கூட்டங்களில் பல நாட்டு மருத்துவர்கள் அவரிடம் ஒரே மாதிரியான சிக்கலைச் சொன்னார்கள். இளம் வயது, எலும்பும் தோலுமான உடம்பு, ரத்தத்தில் எக்கச்சக்கமான சர்க்கரை. பார்த்தால் முதல் வகை போல இருக்கிறது. ஆனால் வழக்கமான அளவில் இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டாம் வகை என்று சொல்லவும் வழியில்லை, உடம்பில் கொழுப்பே இல்லை. இது என்ன நோய்?

இந்தக் கேள்வியை அவர் விடவில்லை. 2010-இல் தன் கல்லூரியில் உலக நீரிழிவு ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நாளமில்லாச் சுரப்பியியல் துறையோடு, குறிப்பாக மருத்துவர் நிஹால் தாமஸ் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார்.

அவர்கள் செய்த சோதனையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருவர் கையில் ஒரு பக்கம் இன்சுலினைச் சீராகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். இன்சுலின் ஏறினால் ரத்தச் சர்க்கரை இறங்கும். அது இறங்காமல் ஒரே அளவில் நிற்க, இன்னொரு பக்கம் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நிறைய குளுக்கோஸ் தேவைப்பட்டால் அந்த உடம்பு இன்சுலினின் பேச்சைக் கேட்கிறது என்று பொருள். கொஞ்சம் போதுமென்றால் கேட்கவில்லை. இதற்கு கிளாம்ப் சோதனை என்று பெயர். மணிக்கணக்கில் நடக்கும், செலவும் அதிகம். இதோடு கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று ஸ்கேனிலும் பார்த்தார்கள்.

70-க்கும் மேற்பட்ட இந்திய ஆண்களை இப்படிச் சோதித்தார்கள். ஒல்லியான உடம்போடு நீரிழிவு உள்ளவர்கள், முதல் வகையினர், இரண்டாம் வகையினர், நோய் இல்லாதவர்கள் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். முடிவு 2022-இல் டயாபடிஸ் கேர் இதழில் வெளிவந்தது. ஒல்லியான நோயாளிகளின் உடம்பு இன்சுலினின் பேச்சை நன்றாகவே கேட்கிறது. கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு குறைவு. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: கணையம் போதுமான இன்சுலினைச் சுரக்கவில்லை. ஆனால் முதல் வகையைப் போல, உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தைத் தாக்கி அழிக்கிற கதையும் இது இல்லை. இது தனி.

கணையம் ஏன் இப்படி ஆகிறது? தாயின் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும் புரதம் கிடைக்காவிட்டால் இன்சுலின் சுரக்கும் செல்கள் போதுமான அளவில் வளர்வதில்லை என்பதை எலிகளில் பலமுறை காட்டியிருக்கிறார்கள். மனிதர்களிலும் அதுதான் நடக்கிறது என்பது இந்த ஆய்வாளர்களின் வாதம். அதாவது, சித்தப்பாவின் கணையத்துக்கு வந்திருக்கக்கூடிய கேடு, அவர் சூளைக்குப் போவதற்கு முன்பே, என் ஆயா அரைவயிற்றோடு நாற்று நட்டுக்கொண்டிருந்தபோதே தொடங்கியிருக்கலாம். அவருக்கு இருந்தது ஐந்தாம் வகைதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க யாரும் முனையவில்லை, இனி முடியவும் முடியாது. அவருக்கு இரண்டாம் வகை என்று எழுதியவர்களும் எதையும் சோதித்துப் பார்த்து எழுதவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இது ஏதோ 2025-இல் ஒரு அமெரிக்கப் பேராசிரியர் கண்டுபிடித்த புது நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1955-லேயே ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர், முதல் வகையிலும் இரண்டாம் வகையிலும் சேராத ஒல்லியான நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஜமைக்காவின் முதலெழுத்தை வைத்து அதை ஜே வகை என்றார். கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிற தீவு அது. உலகத்துக்குச் சர்க்கரை உற்பத்தி செய்து கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் பசியின் சர்க்கரை நோய் பதிவானது. பிறகு இந்தோனேசியா, கேரளா, ஒடிசா, ஆப்பிரிக்க நாடுகள் என்று அறிக்கைகள் வந்தன. உலக நலவாழ்வு அமைப்பு 1985-இல் ஊட்டச்சத்துக் குறைவு நீரிழிவு என்று தனி வகையே ஒதுக்கியது.

1999-இல் அதே அமைப்பு அந்த வகையை நீக்கிவிட்டது. ஊட்டச்சத்துக் குறைவுதான் நீரிழிவை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது காரணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். சான்று கேட்பது அறிவியலின் கடமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சான்று வானத்திலிருந்து விழுவதில்லை. கிளாம்ப் சோதனைக்குப் பணம் வேண்டும், கருவி வேண்டும், ஆள் வேண்டும். பசித்தவர்கள் இருக்கிற ஊரில் கருவி இல்லை, கருவி இருக்கிற ஊரில் பசித்தவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. யாரும் தேடாததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் வகை இல்லை, வகை இல்லாததால் ஆய்வுக்கு நிதி இல்லை, நிதி இல்லாததால் யாரும் தேடவில்லை. இந்தச் சுழலில் கால் நூற்றாண்டு போனது. இந்த நோயோடு உலகில் 2 கோடி முதல் 2.5 கோடி பேர் வரை இருக்கலாம் என்று இப்போது மதிப்பிடுகிறார்கள். அத்தனை பேரும் அந்தக் கால் நூற்றாண்டில் வேறு ஏதோ ஒரு நோயின் பெயரில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கிற நமக்கு இந்தச் சுழல் புதிதல்ல. கணக்கெடுக்க மாட்டார்கள். பிறகு, கணக்கு எங்கே என்று நம்மிடமே கேட்பார்கள்.

ஹாக்கின்ஸின் பணியில் நான் மதிப்பது இதைத்தான். தன் துறையின் மிக விலையுயர்ந்த கருவியை, அந்தத் துறை கைவிட்ட உடம்புகளின் பக்கம் திருப்பினார். அவரை மீட்பராக ஆக்க வேண்டிய தேவை இல்லை. ஜமைக்காவிலும் கட்டாக்கிலும் வேலூரிலும் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து இந்த நோயாளிகளைப் பார்த்துக் குறிப்பெழுதிய மருத்துவர்கள் இல்லையென்றால் அவருக்குக் கேள்வியே கிடைத்திருக்காது. அந்த மருத்துவர்கள் எழுதியதை அரை நூற்றாண்டாகக் கேட்காத உலகம், நியூயார்க்கிலிருந்து ஒரு குரல் வந்தபோது கேட்டது என்பதையும் சேர்த்தே நாம் பதிவு செய்ய வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அந்த ஆய்வுகளில் வருகிற ஊட்டச்சத்துக் குறைவு என்ற சொல் மிகச் சாதுவான சொல். யாரும் செய்யாமல் தானாக நடந்தது போலத் தொனிக்கும். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21, என்ன சொல்கிறது? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பழங்குடிக் குழந்தைகளில் இது ஏறத்தாழ 41 விழுக்காடு, பட்டியல் சாதிக் குழந்தைகளில் 39. எந்த இடஒதுக்கீட்டுப் பட்டியலிலும் வராத பிரிவினரிடம் சுமார் 30. ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. வித்தியாசம் யாருக்கு நிலம் இருந்தது, யாருக்குக் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இருந்தது, யாருக்குக் கூலியாக நெல்லைக் கூடப் பதர் கலந்து அளந்தார்கள் என்பதில் இருக்கிறது. நாம் நினைவில் வைத்திருக்கிற இந்த வரலாற்றைக் கணையமும் நினைவில் வைத்திருக்கிறது போலும்.

புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. அங்குள்ள கிராமக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் குறைந்திருப்பது பெரும்பாலும் தசை, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. இவர்கள் வளர்ந்து கொஞ்சம் எடை போட்டாலே இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆக, கருவிலே பட்ட பசி ஒல்லியாகவே இருந்தாலும் துரத்தலாம், நகரத்துக்கு வந்து நாலு வேளை சாப்பிட்டாலும் துரத்தலாம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் சொன்னது. அதைச் சோம்பேறித்தனத்தின், பிரியாணியின் விளைவாக மட்டும் பேசுகிற வாட்ஸ்அப் அறிவுரைகளை இனி கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

இந்தப் பின்னணியில் முட்டை அரசியலைப் பாருங்கள். 2015-இல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடியில் முட்டை கொடுக்கும் திட்டத்தை மறுத்தது. யாருடைய உணவுப் பழக்கத்தைக் காப்பாற்ற யாருடைய குழந்தையின் புரதம் பறிக்கப்பட்டது? ஏழைக்கு எட்டுகிற விலையில் கிடைத்த மாட்டுக்கறியைக் குற்றமாக்கிய சட்டங்கள் பறித்ததும் புரதத்தைத்தான். சைவம் புனிதம் என்பது ஆதிக்க சாதிகளின் சமையலறையோடு நின்றுவிட்டால் நமக்கென்ன? அது அடுத்தவர் குழந்தையின் தட்டில் கை வைக்கும்போது மருத்துவப் பிரச்சினையாகிறது.

எதிர்த்திசையில் போனதற்கு நம் மண்ணில் எடுத்துக்காட்டு உண்டு. 1920-இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். 1956-இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது, 2022-இல் காலை உணவு வந்தது. பட்டினியோடு வருகிற பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதற்காகத் தொடங்கியது. கணையத்துக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டிருக்கிறது என்று இன்று சொல்லலாம். அதே சத்துணவைச் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகத் தட்டைத் தள்ளிவிடச் சொல்கிற ஊர்கள் இன்னும் இங்கே இருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகை என்ற தனிப் பெயரை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் குறைவு, காரணம் இதுதான் என்று இன்னும் உறுதியாகவில்லை என்கிறார்கள். வேலூர் ஆய்வில் பெண்கள் இல்லை என்பதை நானும் சேர்த்துக்கொள்கிறேன். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர்களின் உடம்பைப் பார்க்காமல் பசியைப் பற்றிய ஆய்வு முழுமையாகாது. ஆனால் இந்தக் குறைகளுக்கெல்லாம் தீர்வு இன்னும் அதிகமான ஆய்வு. 1999-இல் செய்தது போல மறுபடியும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது அல்ல.

பெயர் வந்ததால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். பெயர் இருந்தால் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வரும். ஒல்லியான நோயாளியைப் பார்க்கும் இளம் மருத்துவர் ஒரு நிமிடம் யோசிப்பார். எடையைக் குறை என்பதற்குப் பதிலாக, புரதம் கூட்டு என்பார். இன்சுலின் அளவை எழுதும் முன் இரவில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பார். இவ்வளவு சின்ன விஷயத்தில் உயிர் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். இதை விட நல்ல வாய்ப்பு வேறு எந்த மாநிலத்துக்கும் இல்லை. அந்தப் பதிவேட்டில் சர்க்கரை அளவோடு எடை, உயரம், பிறந்தது முதல் பட்ட பட்டினி, செய்யும் வேலை, சமூகப் பிரிவு ஆகியவையும் ஏறட்டும். ஒல்லியான நோயாளிகள் எத்தனை பேர், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று முதன்முறையாகத் தெரியவரும். ரேஷனில் அவர்களுக்குப் பருப்பும் முட்டையும் கூடுதலாகக் கொடுங்கள். இன்சுலின் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் கொடுங்கள். இவை நம் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

பாபாசாகேப் அம்பேத்கர் தன் கடைசி ஆண்டுகளை நீரிழிவோடும் நரம்பு வலியோடும் கழித்தார். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் எழுதினார், பயணம் செய்தார். அவருக்கு எந்த வகை என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே ஒரு மருத்துவர் இருந்தார், அவருடைய துணைவியாராக. நம் சேரியில் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் நாம்தான் இருக்கிறோம்.

அதனால் தோழர்களே, உங்கள் தெருவில் கன்னம் ஒட்டிய யாராவது சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், போய் உட்கார்ந்து பேசுங்கள். எடை என்ன, என்ன மருந்து, எவ்வளவு ஊசி, இரவு என்ன சாப்பாடு என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஊசி போட்ட பிறகு வேர்த்துக் கொட்டினால், கை நடுங்கினால், உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். மருந்தை அவர்களாக நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரோடு போங்கள். எங்கள் சித்தப்பாவுக்கு அப்படி யாரும் கூடப் போகவில்லை. நானும் போகவில்லை. அப்போது எனக்கு 14 வயது.